மாடி அறையில் ஒலிப்பதிவு: மைக் கடைசியில் வரட்டும்

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலேயே வாய்ப்பாட்டு கற்றுத் தருகிறேன். என் சுருதி ஐந்து கட்டை. மாடியில் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது; உயரமும் ஏறக்குறைய அதே அளவுதான். மாணவிகளுக்கு அனுப்பும் பாடங்களையும், மகனின் மிருதங்கத்தோடு சில கீர்த்தனைகளையும் அங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கணினி இருக்கிறது, கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கடையில் 35,000 ரூபாய்க்கு ஒரு கண்டென்சர் மைக்கைக் காட்டி, இது ஒன்றே போதும் என்கிறார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டலாம் என்கிறான் மகன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அந்த மைக்கை இப்போது வாங்காதீர்கள். முதலில் அந்தக் காலி அறையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். சிமெண்டுப் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில், தட்டிய ஓசை அடங்கிய பிறகும் சுவருக்குச் சுவர் மோதித் தகரத்தை உதறினாற்போல் ஒரு சலசலப்பு கேட்கும். நீங்கள் பாடும் ஒவ்வொரு கமகத்தின் மேலும் அது ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய ஓசையையும் தவறவிடாத கண்டென்சர் மைக், உங்கள் குரலைப் பதிவு செய்யும் அதே அக்கறையோடு இந்தச் சலசலப்பையும் பதிவு செய்யும். பிறகு அதை நீக்குவது பாலிலிருந்து நீரைப் பிரிக்கும் அன்னத்தின் வேலை. எந்த மென்பொருளும் அதைச் சேதமில்லாமல் செய்து முடிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் மைக்கை முதலில் வாங்கியவன்தான். என் முதல் பதிவில் ராக ஆலாபனைக்கு நடுவே அடுத்த வீட்டுக் குக்கர் மூன்று முறை விசில் அடித்தது, அதுவும் மிகத் தெளிவாக.

உங்கள் அறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் அது ஒரு கனசதுரம். ஒலிப்பதிவுக்கு அதைவிடத் தொல்லையான வடிவம் அரிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி அலை போய்த் திரும்பும்போது அந்தத் தூரத்துக்குப் பொருந்தும் அதிர்வெண்கள் மட்டும் தடித்து ஒலிக்கும். பத்தடிக்கு அவை ஏறத்தாழ 56, 112, 169 ஹெர்ட்ஸ். மூன்று அளவுகளும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசைகளிலும் அதே அதிர்வெண்கள் ஒன்றின் மேல் ஒன்று குவிகின்றன. ஐந்து கட்டைச் சுருதியில் உங்கள் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அப்படியானால் 169 என்பது மந்திர ஸ்தாயியில் சதுச்ருதி தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவில் விழுகிறது. கீழே இறங்கி அந்த இடத்தில் நின்று பாடும்போது அறையும் சேர்ந்து முனகுவதை நீங்களே கேட்கலாம். எனவே அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் உட்காராதீர்கள். ஒரு சுவரிலிருந்து ஏறத்தாழ நான்கடி தள்ளி உட்கார்ந்து, பிறகு அரையடி முன்னும் பின்னும் நகர்ந்து, அந்த முனகல் எங்கே குறைகிறது என்று காதால் தேடிக் கண்டுபிடியுங்கள்.

முட்டை அட்டை வேண்டாம். அது மெல்லிய காகிதக் கூழ். உச்ச ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிக்கும், உங்களுக்குத் தொல்லை தரும் கீழ் ஒலிகளைத் தொடவே தொடாது. எளிதில் தீப்பற்றும் என்பது தனிக் கவலை. ஒலியை உறிஞ்சுவதற்குத் தடிமன் வேண்டும். குளிர்சாதனக் குழாய் வேலை செய்பவர்களுக்குச் சரக்கு விற்கும் கடைகளில் ராக்வுல் எனப்படும் கல்நார்ப் பஞ்சுப் பலகை (பாறையை உருக்கி இழைத்தது) கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் 50 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தச்சரிடம் சொல்லி மரச்சட்டம் அடித்து, இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பருத்தித் துணியால் முழுவதும் மூடி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அந்த இடைவெளியால் இன்னும் கீழான ஒலிகளும் பிடிபடும். நார் தோலில் அரிக்கும், மூச்சிலும் போகும் என்பதால் வேலை செய்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். முதலில் நான்கு சட்டங்கள் போதும்: இரண்டு மூலைகளுக்கு, இரண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால். பலரும் மைக்குக்குப் பின்னால் பஞ்சை ஒட்டுகிறார்கள். பாடுவதற்குப் பயன்படும் மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கத்தைக் கேட்டுப் பின்பக்கத்தை ஒதுக்குபவை. அவற்றின் முன்பக்கத்தில் இருப்பது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும்தான். சட்டங்கள் தயாராகும் வரை அங்கே ஒரு கொடி கட்டி, பழைய இலவம்பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டாலே வேறுபாடு தெரியும். தரைக்குக் கெட்டியான ஜமக்காளம்.

இவை அறைக்குள் எழும் எதிரொலியை அடக்கும். தெருவின் இரைச்சலை நிறுத்தா. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான இரட்டைச் சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். உங்கள் தொகைக்கு அது கட்டாது. ஊர் அடங்கிய இரவிலோ விடியற்காலையிலோ, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவதே வழி.

இனிக் கருவிகள். இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட, கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரமும் தரக்கூடிய யுஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் பெட்டி, ஒன்று வாங்குங்கள். நேரே கணினியில் செருகும் யுஎஸ்பி மைக் மலிவாகத் தோன்றும். ஆனால் மிருதங்கத்துக்காக இரண்டாவதை வாங்கும்போது, இரண்டும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுவதால் நேரம் மெல்ல விலகத் தொடங்கும். மைக்காக 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற, கண்டென்சர் அளவுக்கு நுண்ணிய ஓசைகளைப் பிடிக்காத ஒரு டைனமிக் மைக் போதும். கச்சேரி மேடையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய மைக்தான். அதை வாயிலிருந்து ஒரு சாணுக்குள், நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால், பகரத்தில் தெறிக்கும் மூச்சு முட்டாது. மைக்கின் தூரம் இரட்டிப்பானால் உங்கள் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே அருகில் பாடுவதே செலவில்லாத சிகிச்சை. இவற்றோடு ஒரு ஸ்டாண்டும், காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனும் வேண்டும். ஸ்பீக்கர்கள் இப்போது வேண்டாம். இந்த அறையில் அவை உண்மையைச் சொல்லா. மென்பொருளுக்கு இலவசமான ஆடாசிட்டியே பாடங்களுக்குப் போதும். பல தடங்களில் வேலை செய்யத் தொடங்கியதும் ரீப்பர் என்னும் மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 24 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் இடம் தாராளம் என்பதால், தார ஸ்தாயியில் உச்சத்தைத் தொடும்போதும் அளவுகாட்டி கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி உள்ளீட்டைக் குறைத்தே வையுங்கள். எல்லை மீறிச் சிதைந்த ஸ்வரம் திரும்ப வராது. உங்கள் குரலே உங்களுக்குத் தாமதமாகக் கேட்டால் இண்டர்ஃபேஸில் உள்ள நேரடிக் கேட்பு வசதியை இயக்குங்கள். சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்க விடாமல் ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள். தம்புராவைத் தனித் தடத்தில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பதிவில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் உங்கள் வீட்டு எர்த் இணைப்பை மின்பணியாளரிடம் காட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் மின்தடை நேரத்தில் பதிவே வேண்டாம்.

மிருதங்கத்தைப் பொறுத்தவரை, வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒன்றும் தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒன்றுமாக இரண்டு மைக் வைப்பதே முறை. உள்ளீடு இரண்டே என்பதால், நீங்கள் பாடியதை ஹெட்ஃபோனில் கேட்டு மகன் பிறகு வாசிக்க வேண்டியிருக்கும். காலப்பிரமாணம் கட்டிய கீர்த்தனைக்கு இது ஒத்துவரும். அந்த நேரத்துக் கற்பனையில் பாடும் நிரவலும் ஸ்வரமும் வரும் இடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வாசிப்பு உயிரில்லாமல் நிற்கும். அந்தப் பாட்டுகளுக்கு மிருதங்கத்துக்கு ஒரே மைக்கோடு சமாளித்து, இருவரும் சேர்ந்தே பதிவு செய்யுங்கள். மேடையைப்போல் உங்கள் வலப்பக்கத்தில் அமராமல் மகன் எதிரே உட்காரட்டும். அப்போது உங்கள் மைக்கின் முதுகு மிருதங்கத்தைப் பார்த்திருக்கும். கலப்பு வெகுவாகக் குறையும்.

இந்தச் சேர்ந்த பதிவு வரும் கட்டத்தில்தான் கண்டென்சர் மைக்குக்கு வேலை வருகிறது, அதுவும் மிருதங்கத்துக்கு. அதற்கு 35,000 ரூபாய் தேவையில்லை. சட்டங்கள், இண்டர்ஃபேஸ், முதல் மைக் எல்லாம் போக மிஞ்சும் தொகைக்குள் கிடைக்கும் நடுத்தர மைக்கே போதும். வாங்கியதும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி மழையின் ஈரம் அந்த மைக்குக்கு ஆகாது.