பரண் ஏறிய கேரம் போர்டு

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இன்ஜினீயரிங் படிக்கும்போது, யாரோ திட்டுவதுபோல் காதில் கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். சைக்கோசிஸ் என்ற மனநோயின் ஆரம்பம் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறான், குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் யாரோடும் ஒட்டுவதில்லை. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் "வேண்டாம்" என்கிறான். நண்பர்கள் போனை எடுப்பதில்லை. போன மாதம் என் நாத்தனார் மகன் சொல்லாமல் வந்து இவனோடு ஒரு மணி நேரம் கேரம் ஆடினான். இவன் சிரித்தான்கூட. மறுநாள் பழைய கதைதான். அப்படியானால் நடிக்கிறானா? சோம்பேறித்தனம் என்கிறார் அவன் அப்பா. மகளுக்கு வரன் பார்க்கிறோம், விஷயம் வெளியே போய்விடுமோ என்று நாத்தனார் மகனை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லி, போர்டையும் பரணில் போட்டுவிட்டோம். மகனுக்கும் ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகுமா?
- ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: போகிறபோக்கில் சொன்ன அந்த கேரம் ஆட்டம்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி. எட்டு மாதத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளை சிரித்திருக்கிறான். சிரிக்கவைத்தவனை வராதே என்றீர்கள், போர்டையும் கண்ணில் படாமல் ஒழித்துவிட்டீர்கள். இப்போது யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறான் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

அவன் நடிக்கவில்லை அம்மா. குரல், சந்தேகம் இவற்றை மாத்திரை பெரும்பாலும் அடக்கிவிடும். மனிதர்களோடு இருக்கும் ஆசையையும் இந்த நோய் அரிக்கிறது. அங்கே மாத்திரைக்கு அவ்வளவு பலமில்லை. இதை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? ருசியானதைச் சாப்பிடும்போதோ விளையாடும்போதோ இவர்களில் பலருக்கும் மற்றவர்களைப் போலவே சந்தோஷம் வருகிறது. அடிபடுவது அதற்கு முந்தைய கட்டம். திருவிழா என்றால் நம் மனசு நமக்கு முன்னாலேயே போய் ராட்டினத்தில் உட்கார்ந்துவிடும். அவன் மனசு கிளம்புவதே இல்லை. அதனால் "வர்றியா?" என்று கேட்டால் "வேண்டாம்"தான் வரும். நாத்தனார் மகன் எதையும் கேட்கவில்லை. பவுடரைத் தூவிக் காய்களை அடுக்கி, ஸ்ட்ரைக்கரை இவன் பக்கம் தள்ளியிருப்பான். ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு வந்தது. நேற்று நன்றாக இருந்ததே, இன்றும் ஆடலாம் என்ற இழுப்பு மட்டும் மறுநாள் வரவில்லை.

இன்றே நாத்தனாருக்கு நீங்களே போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள். வாரம் ஒருநாள், அதே நேரத்துக்கு அந்தப் பையன் வரட்டும். முதலில் அரைமணி நேரம் போதும். யாரும் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம், "பார்த்தியா, சிரிச்சியே!" என்ற பாராட்டும் வேண்டாம். இவன் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம். கல்யாண மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். "இப்ப என்ன பண்றே தம்பி?" என்று பத்துப் பேர் கேட்பார்கள்; படிப்பு நின்ற பிள்ளை என்ன பதில் சொல்வான்?

மாத்திரையால் வரும் தூக்கம், உடம்பு இறுக்கம், இவற்றோடு மனச்சோர்வும் ஒருவரை இப்படி முடக்கலாம். மருத்துவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பிவிடக்கூடும். அவசரத்துக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அவன் அப்பாவுக்கு ஒன்று. எந்நேரமும் குத்திப் பேசும் வீட்டில் இந்த நோய் அதிகம் திரும்புகிறது என்று லண்டனில் கண்டார்கள். பிறகு சண்டிகர் குடும்பங்களிலும் வெறுப்பான பேச்சு அதையே செய்வதைப் பார்த்தார்கள். "சோம்பேறி" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனோ தம்பியோ, அவன் மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் ஓடிவிடும் சம்பந்தம் இப்போதே ஓடட்டும். நாளைக்கு உங்கள் மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்த வீட்டார் பார்ப்பார்கள் என்று எதை வைத்து நம்புவீர்கள்? பெற்ற பிள்ளையை மறைத்துவைத்துப் பெண்ணைக் கரையேற்றுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அந்தக் கால்கட்டு இப்போது கூடவே கூடாது. எவரோ பெற்று வளர்த்த பெண்ணிடம் ஒன்றும் சொல்லாமல் அவள் தலையில் இதைக் கட்டுவது பாவம். உடம்பு தேறி, அவனே எனக்குக் கல்யாணம் வேண்டும் என்று கேட்கும் நாளில், பெண் வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.