வண்டி ஓட்டும் கண்ணும் மலையைப் பார்க்கும் கண்ணும்

கேள்வி: மூன்று நாள் மலைப்பாதையில் பைக்கில் போய் வந்தேன். திரும்பி வந்து யோசித்தால் தார் ரோடும் வளைவுகளும்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. ஓட்டிக்கொண்டே இயற்கைக் காட்சிகளை ரசிக்க வழி உண்டா?

பதில்: எதிரே விரிவதை ஓட்டிக்கொண்டே ரசிக்கலாம். பக்கவாட்டில் இருக்கும் பள்ளத்தாக்கையும் அருவியையும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு சுமார் 17 மீட்டர் கடக்கிறீர்கள். 2 நொடி தலையைத் திருப்பினால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய மாதிரிதான். அதோடு, கண் போகும் பக்கம் வண்டியும் போகும். வளைவில் பள்ளத்தையே பார்த்தால் ஹேண்டில்பாரும் தன்னால் அந்தப் பக்கம் இழுக்கும்.

சரி, எப்போது நிறுத்துவது? தூரத்தை வைத்து அல்ல, வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கும். அதனால் விடியற்காலையில் பனிமூட்டம் கீழே தேங்கி நிற்கும், மலைமுகடுகள் மட்டும் தீவுகள்போல மேலே தெரியும். வெயில் ஏறினால் அது கலைந்துவிடும். அப்புறம், சூடான காற்று சரிவில் மேலேறி மேகமாகி, பல நாட்களில் மதியத்துக்குள் சிகரத்தை மூடிவிடும். ஆகவே சிகரம் பார்க்க ஆசையென்றால் இருட்டு விலகியதுமே கிளம்புங்கள். உச்சிவெயிலில் மலை தட்டையாகத் தெரியும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் விழுந்து ஆழம் புரியும். மதியத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விட்டுவிடலாம்.

முடிந்தவரை காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓட்டுங்கள். எதிர்வெயில் பட்டால் ஹெல்மெட் கண்ணாடியின் கீறல் ஒவ்வொன்றும் மின்னி, காட்சியையே மறைத்துவிடும். ஆனால் சூரியன் உங்கள் முதுகில் என்றால் எதிரே வருபவருக்குக் கண் கூசும்; ஹெட்லைட்டை அணைக்காதீர்கள்.

நிறுத்தும் இடம், இரு பக்கமும் தூரத்திலிருந்தே உங்களைப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். வளைவில் வேண்டவே வேண்டாம். மண் இளகியிருந்தால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் வையுங்கள். சரிவு என்றால் ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தி முதல் கியரில் விடுங்கள். எஞ்சினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் காதில் காற்றின் இரைச்சலே நிற்கும். அது அடங்கும்வரை போனை எடுக்காமல் இருங்கள். பறவைச் சத்தம் முதலில் வரும், பிறகு எங்கோ கீழே ஓடும் தண்ணீர்.