பொங்கலன்று வெளிநாட்டு நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டுமா?

பாண்டிச்சேரிக்குக் குடிவந்த பிறகு வரும் முதல் பொங்கல், கணவரோடு வேலை பார்க்கும் பிரெஞ்சு, ஜெர்மன் நண்பர்கள் நாலு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், காரமில்லாமல் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டவே வேண்டாம். அன்று உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்களோ அதையே சமையுங்கள். பாஸ்தாவும் பிரெட்டும் கடற்கரைப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கிடைக்கும். மொச்சை, பறங்கிக்காய், சர்க்கரைவள்ளி எல்லாம் போட்ட பொங்கல் குழம்பு உங்கள் வீட்டில்தான் கிடைக்கும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் இப்படி யாராவது வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பிடித்தது என்ன என்று கேட்காதீர்கள். உடம்புக்கு ஆகாதது என்ன, சாப்பிடக்கூடாதது என்ன என்று நாலு நாள் முன்பே கேட்டுவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம், அவர்கள் ஊரில் இது சாதாரணக் கேள்வி. முந்திரி ஒவ்வாமை இருப்பவருக்கு ஒரே ஒரு பருப்புகூட ஆபத்தாகலாம். பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைப்பதால் நாம் பொங்கல், பாயசம் என்று எல்லாவற்றிலும் கை தாராளமாக அள்ளிப் போடுகிறோம். அப்படி ஒருவர் வருகிறார் என்றால் அன்று வீட்டில் முந்திரியே எடுக்காதீர்கள். ஒரே கரண்டி, ஒரே நெய்ச் சட்டி என்று எப்படியும் கலந்துவிடும்.

கோதுமை ஆகாத சீலியாக் நோய் உள்ளவர் என்றால், அரிசிச் சாப்பாடுதானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கடையில் வாங்கும் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துச் செய்தது. டப்பாவைத் திருப்பிப் படித்தால் எழுதியிருக்கும். குழம்பு, வடை, மோர் எல்லாவற்றிலும் அது போகும். அன்றைக்குப் பெருங்காயத்தை விட்டுவிட்டு, பூண்டு தட்டிப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆரோவில் பக்கமிருந்து வருகிறவர்களில் பால், நெய் தொடாதவர்கள் உண்டு. அவர்களுக்குச் சின்னப் பாத்திரத்தில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஒரு சர்க்கரைப் பொங்கல் தனியாகக் கிளறிவிடுங்கள். தனியாகச் செய்வது என்றால் இவ்வளவுதான்.

அடுத்தது நேரம். மதியச் சாப்பாட்டுக்கு என்று சொல்லியிருந்தால் உடனே போன் செய்து மாற்றுங்கள். பானை வைக்கும் நல்ல நேரத்துக்கு அரைமணி முன்பே வரச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார்கள். மஞ்சள் கொத்தைப் பானைக் கழுத்தில் கட்டுவதை அவர்கள் கையில் கொடுங்கள். பால் பொங்கி வழியும்போது பிள்ளைகளோடு சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று அவர்களும் கத்தட்டும். அதைப் பார்க்காமல் இலையில் வந்து உட்கார்ந்தால் அது வெறும் சோறும் குழம்பும்தான்.

பரிமாறும்போதுதான் உண்மையான கஷ்டம் இருக்கிறது. இலை காலியானால் நம் கை தானாக அடுத்த கரண்டிக்குப் போகும். அவர்களோ, வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதுதான் சமைத்தவருக்கு மரியாதை என்று வளர்ந்தவர்கள். ஒரு பொங்கலுக்கு வந்த ஜெர்மன் பெண்ணுக்கு என் மாமியார் வடை வைத்தார். அந்தப் பெண் தின்று முடித்தார். "பாவம், நல்ல பசி போல" என்று மாமியார் இன்னொன்று வைத்தார். அதையும் முடித்தார். மறுபடியும் ஒன்று. முகமெல்லாம் சிவந்து மூச்சு வாங்கியபோது என் மகள்தான் ஓடிப்போய் அவர் காதில் சொன்னாள்: "இலைக்கு மேலே கையை விரிச்சுக் காட்டுங்க, ஆயா நிறுத்திடுவாங்க." இப்போதெல்லாம் உட்கார்ந்ததும் அந்தக் கையசைவைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாவற்றையும் பாதி அளவாக வையுங்கள். இலையில் மிச்சம் வைத்தால் யாரும் வருத்தப்பட மாட்டோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு மேசையிலேயே இலையைப் போடுங்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள். வெண்பொங்கலில் முழு மிளகு வேண்டாம், ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரம் ஏறினால் தண்ணீர் பயன்படாது, தயிர்தான் அடக்கும். கரும்பைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். பல்லில் கேப் போட்டவர்கள் கடித்து இழுக்க முடியாது.

பிரெஞ்சுக்காரர்கள் வருவதால் இன்னொன்று. அவர்கள் ஊரில் நவம்பர் 1 அன்று கல்லறைகளுக்கு வைக்கும் பூ சாமந்தி. வாசலிலும் சாமி படத்திலும் அதைப் பார்த்துத் திகைத்தால், இங்கே இது மங்கலப் பூ, தை மாதப் பூ என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். ஒயின் பாட்டிலோடு வந்தால் மறுக்காதீர்கள். வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பண்டிகையன்று வீட்டில் திறப்பதில்லை என்று நேராகவே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

கிளம்பும்போது வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுங்கள். பாக்கை மட்டும் அங்கேயே மெல்ல விடாதீர்கள், பழக்கமில்லாதவர்களுக்கு நெஞ்சடைத்துத் தலை சுற்றும். இன்னும் பார்க்க ஆசைப்பட்டால் தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போங்கள். தென்பெண்ணைக் கரையில் பாகூர் பக்கமும் நடக்கும், கடலூர் பக்கமும் நடக்கும். மணலில் நிழல் இருக்காது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துவரச் சொல்லுங்கள்.