சுறாவுக்குக் காசு கொடுத்த தங்கச்சிக்கு

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். கணவருக்கு மாற்றலாகி ஒரு வருடமாகத் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். நான்கு மாதக் கைக்குழந்தை. பக்கத்து வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி சாதாரணமாகப் பேசினாலே சண்டை மாதிரி இருக்கும். வாசலில் நின்றுகொண்டு "என்ன குழம்பு புள்ள?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். நான் யாரிடமும் கடன்பட்டுப் பழகாதவள். ஒருமுறை பால்சுறா கொண்டுவந்தார், 200 ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. மறுநாள் அவர் மகனிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த ஊர்க்காரர்களோடு எப்படித்தான் பழகுவது? ராமநாதபுரத்துக்கே வீடு மாற்றிவிடலாமா, அக்கா?

பதில்: தங்கச்சி, அவர் குரலைப் பற்றித்தான் உன் புகார். அந்த 200 ரூபாய், நீ எவ்வளவு நாணயமானவள் என்று காட்ட நடுவில் வந்துபோகிறது. எனக்கு அது போதும்.

பால்சுறாவை எதற்குக் கொண்டுவந்தார் என்று யோசித்தாயா? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். உன் அம்மா பக்கத்தில் இருந்தால் அவரே செய்திருப்பார். அம்மா இல்லாத இடத்தில் வந்து நின்றவரிடம் நீ காசை நீட்டினாய். வேண்டாம் என்று போனவரை அப்போதும் விடாமல், பள்ளிப்பிள்ளை கையில் நோட்டைத் திணித்தாய். அந்தப் பையன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்? "மீனுக்குக் காசு குடுத்தாங்கம்மா" என்றுதானே?

கமுதியில் எதிர்வீட்டுக்காரர் கொல்லையில் பறித்த முருங்கைக்காய் நாலைக் கொண்டுவந்து தந்தால் காசு கொடுப்பாயா? மாட்டாய். மீனைக் கண்டதும் மட்டும் ஏன் பர்ஸைத் திறந்தாய்? மீன்காரிதான் உன் கண்ணுக்குத் தெரிந்தார், பக்கத்து வீட்டுக்காரர் தெரியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட மன்னிப்புக் கேட்க உனக்கே தோன்றியிருக்கும்.

கரைக்கு வரும் மீனில் எடை போட்டது வியாபாரிக்கு. கறிக்கென்று எடுத்து வைப்பது எடை பார்க்காதது. அது வீட்டுக்கும் வேண்டியவர்களுக்கும். அதில் உனக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார். வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் ஒரு படி அரிசியோ அவசரத்துக்கு ஐநூறோ கேட்க, அப்படிக் கொடுத்து வாங்கின வீடுகள்தான் துணை. உடனுக்குடன் கணக்குத் தீர்க்கிறவளிடம் யார் கைமாற்று கேட்பார்? கடன்படாதவள் என்கிறாய். அண்டை அயலில் கொஞ்சம் கடன் நிற்கத்தான் வேண்டும், அம்மா. அதுகூட வேண்டாம் என்பவள் லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கலாம்.

குரல், எஞ்சின் சத்தத்துக்கும் கடல்காற்றுக்கும் மேலே பேசிப் பேசி வந்தது. காது பழகிவிடும். "என்ன குழம்பு?" என்பதற்கு அர்த்தம், நல்லா இருக்கியா என்பது. உங்கள் ஊரிலும் அதேதான்.

நானும் தப்பியவள் இல்லை. கீழக்கரையில் ஒரு தோழி வீட்டில் "காக்கா வந்துட்டாங்க, சோறு எடுத்து வைங்க" என்றார்கள். இன்று அமாவாசைகூட இல்லையே என்று நான் மொட்டைமாடியைப் பார்த்தேன். வந்தவர் அவளுடைய அண்ணன்! கேட்டேன், சிரித்தார்கள், தீர்ந்தது. வார்த்தை புரியாவிட்டால் இப்படிக் கேட்டுவிடலாம். பழக்கம் புரியாதபோது, புரியவில்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை. "இந்த ஊர்க்காரர்கள்" என்று எழுத ஆரம்பித்துவிடுகிறோம். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே!

வீடு மாற்றும் பேச்சை விடு. ராமநாதபுரம் போனாலும் அந்த 200 ரூபாய்ப் புத்தியோடுதான் போவாய். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முண்டு மிளகாய் இரண்டு கிலோ வாங்கி வா. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், உங்கள் பக்கத்துக் கரிசலில் விளைவது. மீன் குழம்புக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரு கிலோவை எடுத்துக்கொள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள், சாயங்காலம் அவர் வாசலுக்குப் போ. கணவரை அனுப்பாதே, நீ போ. பணத்தைப் பற்றி அவராக எடுத்தால், "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்று ஒரே ஒரு முறை சொல். விளக்கம் வேண்டாம். மிளகாயைக் கொடுத்துவிட்டு, "சுறாப்புட்டுக்கு மீனை எப்பிடி உதுக்கணும்க்கா?" என்று கேள்.

பதில் தெருவுக்கே கேட்கும். கேட்கட்டும்.