பெயர் எழுதப் பழகும் வயது: எந்த எழுத்தில் தொடங்குவது?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது மூன்று மாதம் ஆகிறது. எல்.கே.ஜி. படிக்கிறாள். தன் பெயரைத் தமிழில் எழுதிப் பழக்குமாறு பள்ளியில் கூறியிருக்கிறார்கள். புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் பயிற்சி நோட்டு வாங்கிக் கொடுத்தேன். புள்ளிகள் இருந்தால் எழுதுகிறாள். வெற்றுத்தாளில் ஓர் எழுத்தும் வரவில்லை. சில எழுத்துகளை இடவலமாக மாற்றியும் எழுதுகிறாள். இடது கையால் எழுதுவதால்தான் இப்படி ஆகிறது, கையை மாற்ற வேண்டும் என்கிறார் என் மாமியார். முதலில் உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் முடித்துவிட்டுப் பெயருக்கு வரலாமா?

பதில்: உயிரெழுத்துகளை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகரவரிசை என்பது எழுத்துகளை நினைவில் அடுக்கி வைத்துக்கொள்வதற்கான முறையே தவிர, கைக்கு எளிதானதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசை அன்று. அந்த வரிசையின் தொடக்கத்திலேயே நிற்கும் அ, இ போன்றவை சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகள். அவற்றைக் காட்டிலும் ட, ப போன்றவை இளங்கைக்கு மிக எளியவை. அதோடு, நாள்தோறும் தன்னை அழைக்கும் சொல் என்பதால், தன் பெயரில் உள்ள எழுத்துகளை அறிந்துகொள்வதில் குழந்தை காட்டும் ஆர்வத்தை வேறு எழுத்துகளிடம் எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் எழுதிய பெயரை வெளியிட விரும்பாததால், அதே போன்ற ஐந்தெழுத்துப் பெயரான கயல்விழியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அப்பெயரை எழுதப் பழக்குவதற்கு முன் கண்ணுக்குப் பழக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், பை, சாப்பாட்டு டப்பா ஆகியவற்றின் மீது அதைப் பெரியதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களின் பெயர்களுக்கு நடுவே தன் பெயரை அவள் பிழையின்றி எடுத்துக் காட்டத் தொடங்கிய பிறகே பென்சிலுக்கு வேலை.

எழுதும்போது முதல் எழுத்திலிருந்து வரிசையாகச் செல்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நிகழ்கிறது. குழந்தை சலித்துப்போவதற்கும் பல நேரங்களில் அதுவே காரணம். பார்த்து வரையும் திறன் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில்தான் வளர்கிறது: மூன்று வயதளவில் வட்டம், நான்கு வயதளவில் கூட்டல் குறி, நான்கரை வயதை ஒட்டிச் சதுரம், ஐந்து வயதுக்கு மேல் முக்கோணம். க என்ற எழுத்தில் ஒரு கோடு இன்னொரு கோட்டைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. கூட்டல் குறியே இப்போதுதான் கைகூடும் வயதில், அந்த எழுத்தில் தொடங்கினால் முதல் நாளே தோல்வியாக முடியும். ய-வில் தொடங்குங்கள். அதில் சுழி இல்லை. ட-வை எழுதி, வலப்புறம் மேலே ஏற்றினால் ப, அதன் நடுவே ஒரு கோடு ஏறி இறங்கினால் ய என்று படிப்படியாகக் காட்டலாம். மற்ற நான்கு எழுத்துகளையும் நீங்கள் எழுதி, இரண்டாம் இடத்தை மட்டும் காலியாக விட்டு, அதை அவளே நிரப்பச் செய்யுங்கள். முதல் நாளிலிருந்தே அவள் எழுதுவது தன் முழுப் பெயராக இருக்கும்.

ய நிலைத்தபின் ல, அதன் தலைமேல் புள்ளி, பிறகு க. இந்த மூன்றும் வந்துவிட்டால் ‘கயல்’ என்ற கூப்பிடு பெயர் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. அங்கே சில வாரங்கள் நின்று மகிழ்வதில் ஒரு நட்டமும் இல்லை. அடுத்து வ, இறுதியாக ழ. வி, ழி இரண்டுக்கும் மேல்விலங்கு ஒன்றே என்பதால் அதை ஒருமுறை பழகினால் போதும். ழ-வுக்கு வரிக்குக் கீழே இறங்கிச் சுழலும் வால் உண்டு. அது ஐந்து வயதில் வந்தாலும் தாமதம் அன்று.

புள்ளிக்கோட்டு நோட்டைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. புள்ளிகளை எந்தத் திசையிலிருந்தும் இணைக்கலாம். ய-வைக் கீழிருந்து மேலாக இணைத்தாலும் தாளில் ய-தான் தெரியும். உருவம் சரியாகத் தோன்றுவதால், கோடு எங்கே தொடங்கி எப்படிச் செல்கிறது என்பதைக் குழந்தை கற்கவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை; புள்ளிகளை எடுத்தவுடன் அது வெளிப்படுகிறது. அதற்கு மாற்றாக, அவள் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் ஓர் எழுத்தை மெதுவாக, “மேலிருந்து கீழே, வலப்பக்கம், மேலே” என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையளவு பெரியதாக எழுதுங்கள். உடனே அவள் எழுதட்டும். தொடங்கும் இடத்தில் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். அவள் கையைப் பிடித்து நீங்கள் எழுதும்போது, கற்றுக்கொள்வது பெரும்பாலும் உங்கள் கையே.

விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுதவைப்பதும், முன்பு திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதவைத்ததும் சடங்குக்காக மட்டும் அன்று என்றே எண்ணுகிறேன். விரலால் எழுதும்போது கருவியைப் பிடிக்கும் சிரமம் இல்லாததால் கவனம் முழுவதும் எழுத்தின் வடிவத்தில் நிற்கிறது. தட்டில் ரவை, சுவரில் ஈர விரல், முற்றத்தில் சாக்குக்கட்டி என எதுவும் பயன்படும். கோலப்பொடியை எடுத்துப் புள்ளி வைக்கும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் செய்யும் வேலையும் பென்சில் பிடிப்பதற்கு நேரடியான பயிற்சியாகும். பென்சில் தரும்போது நீளமானதைத் தவிர்த்து, சிறு துண்டாக, சற்றுத் தடித்ததாகத் தாருங்கள்; குட்டையாக இருந்தால் முழுக் கையால் இறுக்கிப் பிடிக்க இடமிருக்காது.

இடவலம் மாற்றி எழுதுவது இடது கையின் குற்றம் அன்று. வலது கைக் குழந்தைகளும் ஏறத்தாழ ஏழு வயதுவரை அவ்வாறு எழுதுவதுண்டு. நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நாற்காலியே என்றுதான் குழந்தை அதுவரை கற்றிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை உண்டு என்பது அதற்குப் புதிய செய்தி. பத்துமுறை திருத்தி எழுதச் சொல்லாமல், சரியான எழுத்தைப் பக்கத்தில் ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டு நகருங்கள்.

கையை மாற்றாதீர்கள். உங்கள் மாமியாரின் கவலை புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு தலைமுறைக்கு முன்பு பள்ளிகளிலேயே இடது கைக் குழந்தைகளைக் கட்டாயப்படுத்தி மாற்றினார்கள். ஆனால் எழுதுவதற்கு மூளை தானாகத் தேர்ந்துகொண்ட கையை மாற்றும்போது, எழுத்து மோசமாவதோடு எழுதுவதன் மீதே வெறுப்பும் வளர வாய்ப்புண்டு. மாற்ற வேண்டியவை வேறு. தாளை உடலின் நடுவிலிருந்து சற்று இடப்புறம் தள்ளி வைத்து, அதன் மேற்புறம் வலப்பக்கம் சாயுமாறு திருப்புங்கள். நுனியிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே பென்சிலைப் பிடித்தால், எழுதியது அவள் கண்ணுக்குத் தெரியும். பலரும் கவனிக்காத ஒன்று, பயிற்சி நோட்டுகளில் மாதிரி எழுத்து வரியின் இடது ஓரத்தில் அச்சிடப்பட்டிருப்பது: அவள் எழுதும்போது அவள் கையே அதை மறைத்துவிடுகிறது. மாதிரியை மேல்வரியிலோ வலது ஓரத்திலோ எழுதிக் கொடுங்கள். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் அமர்த்துமாறு ஆசிரியையிடம் கூறினால், பக்கத்துக் குழந்தையின் முழங்கையோடு இடித்துக்கொள்ள நேராது.

ஒருவேளைக்கு ஐந்து நிமிடங்களே போதும். ஆங்கிலத்திலும் எழுதப் பள்ளி கேட்டால், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் ஐந்தெழுத்தாக நிற்கும் கயல்விழி, ஆங்கிலத்தில் பத்தெழுத்தாகிவிடுகிறது.

வேறு பெயருள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேவி, சேகர் போன்ற பெயர்களில் கொம்பு முதலில் எழுதப்படுகிறது. ஆனால் காதில் முதலில் விழுவது மெய்யின் ஒலி. எனவே ‘தே’ என்பதை இரண்டாகப் பிரித்து விளக்காமல் ஒரே உருவமாகவே பழக்குவது நல்லது. முருகன் என்ற பெயரில் மு, ரு இரண்டுக்கும் உகரக் குறி வெவ்வேறு வடிவம் கொள்வதால் அவற்றையும் அவ்வாறே கற்பிக்கலாம். ஷ, ஹ, ஸ்ரீ வரும் பெயர்களுக்குக் கூடுதலாகச் சில மாதங்கள் கொடுங்கள்.

ஐந்து வயது கடந்த பின்னும் வட்டமோ கூட்டல் குறியோ பார்த்து வரைய இயலாமை, பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் தொடர்ந்து தடுமாறுதல், தாளைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

தலைப்பெழுத்தை இப்போது சேர்க்க வேண்டாம். அதன் பக்கத்தில் கீழே வைக்கும் புள்ளியும் ல்-இன் தலைமேல் வைக்கும் புள்ளியும் இந்த வயதில் குழம்பிப்போகும். ஒன்றாம் வகுப்பு வரை அதைப் பள்ளி கேட்டால், நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.