ஹாபிட்டன் கிரீன் டிராகனில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: நியூசிலாந்து போகிறோம். ஹாபிட்டன் என்ற சினிமா செட் கிராமத்தில், கிரீன் டிராகன் மதுவிடுதியில் ஏதாவது குடித்துக்கொண்டே ஏரியைப் பார்த்தபடி உட்கார ஆசை. நேராகப் போனால் உள்ளே விடுவார்களா?

விடமாட்டார்கள். வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் டிக்கெட் இருந்தால்தான் உள்ளே போக முடியும். இது தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு.

மட்டமாட்டா ஊருக்கு வெளியே, அலெக்ஸாண்டர் குடும்பத்தின் 1,250 ஏக்கர் பண்ணைக்குள் இருக்கிறது இந்த இடம். குன்றுக்குள் வட்டக் கதவு வைத்த வீடுகளில் வாழும் ஹாபிட் என்ற குட்டை மனிதர்கள் வரும் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்துக்காக 1998-இல் வானில் பறந்து இடம் தேடியபோது, ஏரிக்கரையில் நின்ற பெரிய பைன் மரமும், ரோடோ மின்கம்பமோ கண்ணில் படாத குன்றுகளும் படக்குழுவுக்குப் பிடித்துப்போயின. அப்படித் தேடி எடுத்த இடம் என்பதால்தான் இன்றைக்கும் பொதுச் சாலையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மேப்பில் ‘மட்டமாட்டா’ என்று மட்டும் போட்டால் ஊருக்குள் போய்விடுவீர்கள். அங்கே சுற்றுலாத் தகவல் மையமே ஹாபிட் வீடு மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். வந்து சேர்ந்துவிட்டோம் என்றே தோன்றும். நீங்கள் போகவேண்டியது 501, பக்லண்ட் ரோடு. அதன் பெயர் ஷயர்ஸ் ரெஸ்ட். கார் நிறுத்துமிடம், டிக்கெட் கவுண்டர், கடை, ஒரு கஃபே எல்லாம் அங்கே இருக்கின்றன. கஃபேக்கு யாரும் போகலாம், ஆனால் அங்கிருந்து தெரிவது வெறும் பசும் குன்றுகள்தான். வட்டக் கதவுகளும் ஏரியும் பஸ் ஏறி உள்ளே போனவர்களுக்கு மட்டும்.

ஆக்லாந்திலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம், ரோட்டோருவாவிலிருந்தும் ஹாமில்டனிலிருந்தும் முக்கால் மணி நேரம். நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு பஸ் கிளம்பிவிடும். ஆக்லாந்தின் காலை நெரிசலைக் கணக்கில் வைத்து அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். டிசம்பர், ஜனவரி அங்கே கோடை, கூட்டம் அதிகம், முன்பதிவு கட்டாயம். நம் பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு மே மாதம் நல்லது: இலையுதிர் காலம், கூட்டமும் குறையும். ஆனால் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கடைசிச் சுற்றை எடுக்காதீர்கள். ஏரி தெரியவேண்டும் என்றால் வெளிச்சம் வேண்டும்.

2023 டிசம்பரில் பேக்‌ஷாட் ரோ என்ற ஹாபிட் தெருவில் உள்ளே நுழைந்து பார்க்கும் வீடுகளைத் திறந்த பிறகு, முழுச் சுற்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். மற்ற ஹாபிட் வீடுகளின் கதவுக்குப் பின்னால் பார்க்க ஒன்றும் இல்லை. படத்தில் வரும் உள்ளறைகளை வெலிங்டன் ஸ்டூடியோவில்தான் எடுத்தார்கள். கதவுகள் ஒரே அளவாகவும் இல்லை. நடிகரைச் சின்னவராகக் காட்டச் சில பெரிதாகவும், உயரமாகக் காட்டச் சில சிறிதாகவும் செய்யப்பட்டவை. சின்னக் கதவு எது என்று வழிகாட்டியிடம் கேட்டு அதன் பக்கத்தில் நின்றால் போட்டோவில் நீங்கள் ராட்சசர் மாதிரி தெரிவீர்கள். பாதை சரளைக்கல், ஏற்ற இறக்கமும் உண்டு; பிடிப்புள்ள ஷூ போடுங்கள். மழை பெய்தாலும் சுற்று நடக்கும், குடை அவர்களே தருவார்கள்.

விடுதி வருவது கடைசியில். மாவு ஆலையைத் தாண்டி, இரட்டை வளைவுக் கல்பாலத்தின் வழியாக ஏரியைக் கடந்தால் கிரீன் டிராகன். 1999-இல் போட்ட செட் ஒட்டுப்பலகையும் தெர்மாகோலுமாகத் தற்காலிகமாகச் செய்தது. 2009-இல் தொடங்கி நிலையான பொருட்களால் திரும்பக் கட்டினார்கள், விடுதி 2012-இல் திறந்தது. அதனால்தான் உள்ளே கணப்பு நிஜமாகவே எரிகிறது, கவுண்டரில் நிஜமாகவே பானம் ஊற்றித் தருகிறார்கள்.

உங்களுக்குக் கிடைப்பது இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. மொத்தக் குழுவும் ஒரே நேரத்தில் கவுண்டருக்குப் போகும். எல்லாரும் வரிசையில் நின்றால் பாதி நேரம் அங்கேயே கரைந்துவிடும். ஒருவர் பானம் வாங்கட்டும், இன்னொருவர் உடனே வெளியே போய் ஏரியைப் பார்த்த பெஞ்சைப் பிடிக்கட்டும். கணப்புப் பக்கம் இதமாக இருக்கும், ஆனால் அங்கிருந்து ஏரி தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் ஆலை, பாலம், குன்றுச் சரிவில் வட்டக் கதவுகள், உச்சியில் ஓக் மரம். அந்த ஓக் மரம் முழுக்கச் செயற்கை, எஃகும் சிலிக்கோனும். இலையைக்கூடக் கையால்தான் கட்டியிருக்கிறார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் அது அசல் மரமாகவே தெரிகிறது. இந்தக் காட்சிக்காகவே இந்தப் பயணம் தகும் என்பேன்.

பானம் ஒன்று டிக்கெட்டிலேயே அடக்கம், மண்குவளையில் வரும். ஏல் எனும் பியர் வகைகள், ஆப்பிள் சைடர், மதுவில்லாத ஜிஞ்சர் பியர். வண்டி ஓட்டுகிறவர் யோசிக்காமல் ஜிஞ்சர் பியர் கேளுங்கள், இஞ்சி தூக்கலாக நன்றாகவே இருக்கும். நியூசிலாந்தில் 20 வயதுக்குக் கீழ் ஓட்டுநருக்கு மது அளவு பூஜ்யம். அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மூச்சில் லிட்டருக்கு 250 மைக்ரோகிராம்தான் வரம்பு.

சாப்பாட்டுக்குத் தனிக் காசு. அங்கே பெயர் போனது மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ (pie). சைவம் என்றால் முதலிலேயே கேளுங்கள். சைவத்தில் முட்டையையும் சேர்த்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம், அதனால் முட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் மாலை விருந்துச் சுற்று இருக்கிறது. விடுதிக்குள்ளேயே நீள மேசையில் விருந்து, இருட்டியபின் விளக்கைக் கையில் பிடித்து நடை. விலை கூட, சில நாட்கள் மட்டும்தான் நடக்கும். விமான டிக்கெட் போடும்முன் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.