மூடுபனியிலும் படிக்கும்படி: எழுத்துருக்கள் குறித்த கேள்வி பதில்

நீலகிரி வாசகர்கள் எழுத்துருக்களைப் பற்றி எழுப்பிய கேள்விகளும், அச்சு வடிவமைப்பில் நெடுநாளாக ஈடுபட்டுவரும் ஒருவர் அளித்த பதில்களும்.

கோத்தகிரியில் விடுதி நடத்துபவர்: ஐயா, வணக்கம். எங்கள் பெயர்ப்பலகையில் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருக்கிறது. மூடுபனி இறங்கிவிட்டால் யாராலும் படிக்க முடிவதில்லை. எழுத்தை இன்னும் தடிப்பாக்கலாமா?

பதில்: தயவுசெய்து தடிப்பாக்காதீர்கள். இருண்ட பின்னணியில் உள்ள வெள்ளை எழுத்து, வெளிச்சம் பட்டதும் உள்ளதைவிடப் பருத்துத் தெரியும். வண்டியின் விளக்கொளி பனியில் சிதறும்போது அந்தப் பருமன் இன்னும் கூடும். பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்காக ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வடிவமைத்த டிரான்ஸ்போர்ட் எழுத்துருவில், இருண்ட பின்னணியில் வரும் வெள்ளை எழுத்துக்கு ஒரு தடிமனும், வெளிர் பின்னணியில் வரும் கறுப்பு எழுத்துக்கு அதைவிடக் கூடுதலான தடிமனும் வைத்திருப்பது இதனால்தான்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது, ஏனென்றால் நம் எழுத்துகளின் அடையாளமே சுழிகளில்தான் இருக்கிறது. 'உதகமண்டலம்' என்பதில் வரும் மூன்று சுழி ணகரத்தையும் 'குன்னூர்' என்பதில் வரும் இரண்டு சுழி னகரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டு, தொலைவிலிருந்து இரண்டும் ஒரே திட்டாகிவிடும். ஆகவே நடுத்தரத் தடிமனும் ஒரே சீரான கோடும் உள்ள எழுத்துருவை எடுத்து, எழுத்துகளுக்கு இடையே சற்றுத் தாராளமாக இடம் விட்டு, எழுத்தின் உயரத்தை மட்டும் கூட்டுங்கள். பலகைக்குக் கொடுக்கும் முன் ஒரு தாளில் அச்சடித்து ஒட்டிவிட்டு, சாலையின் எதிர்ப்புறம் நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள். சுழிகளை எண்ண முடிந்தால் போதும். ரயில் நிலையப் பலகைகளைப் போல மஞ்சளில் கறுப்பு என்றால், இன்னும் ஒரு படி தடிமனைத் தாங்கும்.

குன்னூர் தேயிலைத்தூள் வியாபாரி: பொட்டலத்தின் பின்புறப் பொடி எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு நல்லதா, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு நல்லதா?

பதில்: பின்புறத்துக்கு, கோடு ஒரே சீராக வரும் சான்ஸ் வகை. செரிஃப் வகையில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருவதால் பெரிய அளவில் அழகாக இருக்கும். ஆனால் பளபளப்பான உறையில் பொடி எழுத்தாக அச்சாகும்போது மெல்லிய இடங்கள் விட்டுப்போகும். ரகரத்தின் அடியில் உள்ள சிறு சாய்கோடு தேய்ந்தால் அது துணைக்காலாகத் தெரியும் என்பதை அச்சகத்தாரிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள். மேலே புள்ளியும் இகர வளைவும் கீழே உகர வளைவும் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க, ஆங்கிலத்துக்கு விடுவதைவிட அதிக வரி இடைவெளி தேவை. முன்புறப் பெயருக்கு செரிஃப் வகையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உதகை மாணவி: பாட்டியின் பழைய புத்தகத்தில் 'லை' எழுத்துக்குத் தும்பிக்கை போன்ற கொம்பு இருக்கிறது. கணினியில் அது ஏன் வருவதில்லை?

பதில்: 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, ளை, னை, ணா, றா, னா உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலும் புதிய வடிவத்தையே தருகின்றன. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) லகரத்துக்கும் ஐகாரக் குறிக்கும் உரிய குறியீடுகள் மட்டுமே உள்ளன. அவை எந்த உருவில் திரையில் தெரிய வேண்டும் என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது. எனவே பழைய வடிவம் வரையப்பட்ட எழுத்துரு கிடைத்தால், தட்டச்சு செய்த அதே சொல் பழைய உருவில் வந்துவிடும்.

உதகை அச்சகத்தார்: கல்யாணப் பத்திரிகையில் லதா என்ற தமிழ் எழுத்துருவுடன் டைம்ஸ் நியூ ரோமன் ஆங்கில எழுத்துருவைச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். லதா விண்டோஸில் கணினித் திரைக்காக வந்த சீர்க்கோட்டு எழுத்துரு. டைம்ஸ் நியூ ரோமனோ 1932இல் லண்டன் நாளிதழ் ஒன்றின் நெருக்கமான பத்திகளுக்காக உருவானது. இரண்டின் கோடும் கனமும் சேராது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் (Catamaran) எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால், 9 தடிமன்களில் வரையப்பட்டுள்ளன. மணமக்கள் பெயரைக் கனமாகவும் மற்றதை மெல்லியதாகவும் அமைக்க அதுவே போதும். எதைத் தேர்ந்தாலும் ஆங்கில எழுத்தின் அளவைத் தமிழோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஒரே எண் கொடுத்தாலும் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது.